அப்கிரேடுக்குப் பின் அணைய மறுக்கும் லேப்டாப்: எந்தத் தீர்வை முதலில் எடுப்பது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், பழைய லேப்டாப்பையும் 11-க்கு மாற்றியாக வேண்டிய நிலை. மாற்றிய கையோடு சில லேப்டாப்கள் அணைய மறுக்கின்றன. ஷட் டவுன் கொடுத்ததும் திரை இருண்டுவிடும். ஆனால் பவர் விளக்கு எரியும், விசிறி சுற்றும், அடிப்பக்கம் சூடாகவே இருக்கும். இதற்கு வழி தேடினால் நான்கு விதமான ஆலோசனைகள் கிடைக்கும்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வேகத் தொடக்க வசதியை நிறுத்து, டிரைவரை (வன்பொருளை விண்டோஸுடன் இணைக்கும் மென்பொருளை) மாற்று, பழைய விண்டோஸுக்கே திரும்பு, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவு. நான்கையும் சமமாக வைத்துச் சொல்வதில்தான் ஆள் குழம்பிப்போகிறார். முதலாவதுக்கு ஒரு நிமிடம் போதும், கடைசிக்கு ஒரு முழு நாளே போய்விடலாம்.

எதையும் மாற்றுவதற்கு முன், லேப்டாப் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். "ஷட்டிங் டவுன்" என்ற வாசகமும் சுழலும் புள்ளிகளும் திரையிலேயே நின்றால், விண்டோஸுக்குள் ஏதோ ஒரு புரோகிராமோ பின்னணியில் ஓடும் சர்வீஸோ முடியாமல் இழுக்கிறது. திரை முழுக்க இருண்ட பிறகும் விளக்கு எரிந்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும் கடைசிக் கட்டத்தில் சிக்கல். அது டிரைவர் அல்லது பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பக்கம். அடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள். ஒழுங்காக அணைந்தால் சந்தேகம் நேராக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மேல் விழுகிறது. எந்த அமைப்பையும் தொடாமலே கிடைக்கும் தடயம் இது.

காரணம் இதுதான். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், நாம் ஷட் டவுன் கொடுக்கும்போது லேப்டாப்பை முழுதாக மூடுவதில்லை. நம் புரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. அடுத்த முறை அதைப் படித்து வேகமாக எழுகிறது. சொல்லப்போனால் அது, திறந்திருப்பதை எல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட்டில் பாதி. புது விண்டோஸில் பழைய டிரைவர் தடுக்கி விழ அது வசதியான இடம். ரீஸ்டார்ட் இந்த வழியில் போவதே இல்லை. "ரீஸ்டார்ட் ஆகிறது, ஷட் டவுன் மட்டும் ஆகவில்லை" என்ற விசித்திரம் பெரும்பாலும் இதனால்தான்.

அதனால் முதல் ஓட்டு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துவதற்கே. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறந்து, பூட்டியிருக்கும் அமைப்புகளை மாற்ற அனுமதி கொடுத்துவிட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்தால் முடிந்தது. இழப்பு, லேப்டாப் எழக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும் என்பதுதான். எஸ்எஸ்டி இருந்தால் அது பெரிதாகத் தெரியாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் நன்றாகவே தெரியும். கட்டளை வரியில் ஹைபர்னேட்டையே அடியோடு அணைக்கச் சொல்லும் குறுக்குவழி எனக்கு உடன்பாடில்லை. அது பயனுள்ள வசதியையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது, ஒரு டிக்கை எடுத்தாலே போதும்.

சரி, டிக்கை எடுத்ததும் லேப்டாப் அணைகிறது. அதோடு விட்டுவிடலாமா? ஹைபர்னேட் கொடுத்துப் பாருங்கள். அதுவும் ஒழுங்காக வேலை செய்தால் விட்டுவிடலாம். ஹைபர்னேட்டிலும் அதே போல இருண்ட திரையும் எரியும் விளக்குமாக நின்றால், கோளாறு அப்படியே இருக்கிறது, நாம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறோம் என்று பொருள். அப்போது டிரைவர் பக்கம் இறங்கத்தான் வேண்டும்.

டிரைவர் வழிக்கு நேரமும் பொறுமையும் வேண்டும். ஆனால் நோயின் மூலத்தைத் தொடுவது இதுதான். இன்டெல் லேப்டாப்பில் முதலில் பார்க்க வேண்டியது, டிவைஸ் மேனேஜரில் சிஸ்டம் டிவைசஸ் பட்டியலில் இருக்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ் (இன்டெல் சிப்புக்குள் இருக்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதியோடு விண்டோஸ் பேசும் வழி). 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இதே அறிகுறியோடு பல மாடல்கள் சிக்கின. அந்த டிரைவரின் 11-ஆம் வரிசைப் பதிப்பு பழைய லேப்டாப்களுடன் ஒத்துப்போகவில்லை. 9 அல்லது 10-ஆம் வரிசைக்கு இறங்கியதும் சரியானது. எனவே புதியதுதான் நல்லது என்று எண்ணி மேலே மேலே அப்டேட் செய்துகொண்டே போவது இங்கே உதவாமல் போகலாம். அந்த டிவைஸின் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் தாவல் இருந்தால், மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிட்டு ஷட் டவுன் கொடுங்கள். அணைந்துவிட்டால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டது. அப்புறம் முந்தைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் கொடுக்கலாம். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு என்றே கொடுத்திருக்கும் பதிப்பை இறக்குங்கள். வேறு எங்கிருந்தும் டிரைவர் எடுக்க வேண்டாம். ஏஎம்டி லேப்டாப் என்றால் இதே கவனம் சிப்செட் டிரைவருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவருக்கும் போக வேண்டும். பயாஸ் அப்டேட் இவற்றுக்கெல்லாம் பிறகு, அதுவும் சார்ஜர் செருகிய நிலையில் மட்டும்.

எந்தப் பக்கம் கோளாறு என்பதில் இன்னும் சந்தேகமா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திய நிலையில் ஒருமுறை அணைக்க முயன்றுவிட்டு, விண்டோஸில் நடப்பதைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 6006 என்ற எண்ணைத் தேடுங்கள். அது இருந்தும் விளக்கு எரிந்திருந்தால், விண்டோஸ் தன் சர்வீஸ்களை மூடும் அளவுக்கு வந்துவிட்டது. மிச்சம் டிரைவர், பயாஸ் சமாசாரம். பலரும் பயப்படும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு, முறையாக அணையாமல் நின்றது என்பதை மட்டுமே சொல்கிறது. அதை நோயாக எடுத்துக்கொண்டு துரத்த வேண்டாம்.

திரையில் வாசகம் சுழன்றுகொண்டே நிற்கும் முதல் வகைக்குச் சுருக்கமான பதில் உண்டு. சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு, மற்றவற்றைப் பாதி பாதியாக நிறுத்திச் சோதியுங்கள். தடுப்பது எது என்று தெரிந்துவிடும். சர்வீஸ்களுக்குத் தரும் 5 விநாடி அவகாசத்தை, விண்டோஸ் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் இன்னும் குறைக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன். எழுதி முடிக்காத கோப்பை அது பாதியில் வெட்டிவிடலாம்.

பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வழிக்குக் கெடு உண்டு. வழக்கமாக 10 நாள். அதற்குள் டிஸ்க் கிளீனப் ஓட்டி பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ் ஓல்டு கோப்புறையை அழித்துவிட்டால் அந்த வாசலும் மூடிவிடும். கெடு தீரும் முன்பே கட்டளை மூலம் 60 நாள் வரை நீட்டிக்கலாம். டிரைவர் தேட நேரம் வேண்டுமென்றால் இதை முதல் நாளே செய்துவிடுவது புத்திசாலித்தனம். திரும்பினால் உங்கள் கோப்புகள் இருக்கும், அப்கிரேடுக்குப் பிறகு நிறுவிய புரோகிராம்கள் போகும். ஆனால் திரும்பும் இடம் ஆதரவு முடிந்த விண்டோஸ் 10 என்பதை மறக்கக் கூடாது. உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் 11-க்கான டிரைவரே தரவில்லை என்ற நிலையில் மட்டும், நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளில் பதிவு செய்துகொண்டு இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

புதிதாக நிறுவுவது எனக்குக் கடைசி. புரோகிராம் குப்பையால் வந்த கோளாறு என்றால் பலன் தரும். டிரைவர் கோளாறு என்றால், நிறுவி முடித்ததும் விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரைத் திரும்ப இறக்கிவிடக்கூடும். ஒரு நாள் உழைப்பும் வீண்.

இதெல்லாம் முடியும் வரை பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைக்கலாம், திரையில் அப்டேட் சதவீதம் ஓடாத நேரமாகப் பார்த்து. விளக்கு அணைந்து விசிறி நின்றதை உறுதி செய்யாமல் பைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.