ஹெட்லைட்டில் ஒரு மில்லிமீட்டர்: ஹாலஜனா, எல்இடி பல்பா, ப்ரொஜெக்டரா?

கார் ஹெட்லைட்டில் பல்பின் ஒளியைச் சாலைக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டரின் குவியத்தூரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல்புக்குள் ஒளி பிறக்கும் இடம் 1 மில்லிமீட்டர் கீழே இறங்கினால், 25 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் வெளிச்சம் ஏறக்குறைய 1 மீட்டர் மேலே போய்விடும். சாதாரண விகிதக் கணக்குதான். எதிரே வண்டி வரும்போது போடும் லோ பீமை அந்தத் தூரத்தில் வெறும் 25 சென்டிமீட்டர் தாழ்த்தித்தான் வைக்கிறார்கள். ஆக, கால் மில்லிமீட்டர் பிசகினாலே அந்தத் தாழ்வு முழுக்கக் காலி. எதிரே வருகிறவர் கையை முகத்துக்கு நேரே தூக்குவார்.

அதனால் "எத்தனை லூமென்?" (மொத்த ஒளியின் அளவு) என்று கடைக்காரரைக் கேட்பதில் பெரிய பயனில்லை. அட்டைப்பெட்டியில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கேட்க வேண்டியது வேறு: வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கட்-ஆஃப் கோட்டை எது வரைகிறது? பல்பா, ரிஃப்ளெக்டரா, தனியாக ஒரு தகடா? இதற்கு விடை தெரிந்தால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாகப் புரியும்.

நம் ஊரில் ஓடும் பல கார்களில் இன்னமும் எச்4 தான், ஹை பீமும் லோ பீமும் ஒன்றாக இருக்கும் ஹாலஜன் வகை. 1971-ல் வந்த பல்பு. உள்ளே இரண்டு இழை, ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55 வாட். ஹை பீம் இழை குவியத்தை ஒட்டி இருக்கும். லோ பீம் இழை அதற்குச் சற்று முன்னால், அடியில் ஒரு குட்டி உலோகக் கிண்ணத்தோடு. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அந்தக் கிண்ணம் மறைத்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேற்பாதிக்கு மட்டுமே வெளிச்சம் போய் சாலையில் இறங்குகிறது. கிண்ணத்தின் ஓர் ஓரம் 15 டிகிரி சாய்வு. இடப்பக்கம் நடப்பவரையும் பலகையையும் காட்ட வெளிச்சம் ஏறுவது அந்தச் சாய்வால்தான். அதாவது எச்4-ல் கோடு வரைவது பல்பே. விளிம்பில் இருக்கும் மூன்று காதுகளும் ஒரே அளவில் இல்லாததற்கும் இதுதான் காரணம்: ஒரு விதமாகத்தான் உட்காரும், தலைகீழாகப் போட முடியாது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

எச்4 மங்கலாக இருக்கிறது என்கிறவர்களில் பலருக்குப் பிரச்சினை பல்பில் இல்லை, வயரில். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜனின் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பேட்டரியிலிருந்து ரிலே (ஸ்விட்சுக்குப் பதில் விளக்கின் மின்னோட்டத்தைத் தாங்கும் சாதனம்) வழியாகத் தடித்த வயர் இழுத்துவிட்டு, அதே 60/55-ஐ மாட்டிப் பாருங்கள். 100/90 போடுவது பழைய வைத்தியம். வெளிச்சம் வரும், கூடவே ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்பும் கருகும்.

இப்போது எல்இடி பல்பு. இழை என்பது சுற்றிலும் ஒளிரும் மெல்லிய சுருள். எல்இடி சிப் தட்டையானது. தன் முகம் பார்க்கும் பக்கம்தான் ஒளி வீசும். அதனால் ஒரு தகட்டின் இருபுறமும் சிப்பை ஒட்டி, "இழை மாதிரிதான்" என்கிறார்கள். தகடு தடித்திருந்தால் ஒளி பிறக்கும் இடமே இரண்டாகப் பிரிந்து, இரண்டும் குவியத்தை விட்டு விலகி நிற்கும். சிப்பின் நீளம், விளிம்பிலிருந்து அதன் தூரம், கிண்ணத்தின் வடிவம் மூன்றும் அசல் இழையோடு ஒத்துப்போக வேண்டும். நல்ல பல்புகள் இதற்கு மிக அருகில் வந்துவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மட்டமானவற்றில் காலர் (பல்பைப் பிடித்திருக்கும் வளையம்) திருகை இறுக்கும்போதே பல்பு ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். சிப்புகள் இடமும் வலமும் பார்க்க வேண்டும், கடிகாரத்தின் 3, 9 திசையில். மேலும் கீழுமாக நின்றால் கட்-ஆஃப் கோடு பஞ்சு மாதிரி கலைந்துபோகும்.

ஏமாற்றும் விஷயம் இன்னொன்று. குவியம் பிசகிய எல்இடி, பானெட்டுக்கு முன்னால் பத்து மீட்டரைப் பகலாக்கிவிடும். ஓட்டுகிறவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த அருகாமை வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிவிடுவதால் தூரத்து மாடு தெரியாது. நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு இது லாபமே இல்லை.

ஜெர்மனியில் எச்7 வகை எல்இடி பல்பு ஒன்றுக்கு 2020-ல்தான் முதல்முறையாகச் சாலை அனுமதி கிடைத்தது. அதுவும் எல்லாக் காருக்கும் இல்லை. சோதித்துப் பார்த்த மாடல்களின் பட்டியலுக்கு மட்டும். ஒரே பல்பு ஒரு ரிஃப்ளெக்டரில் தேறும், இன்னொன்றில் தோற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எச்ஐடி கிட்? ரிஃப்ளெக்டரில் வேண்டவே வேண்டாம். அது இழைக்குப் பதில் வாயுவில் எழும் மின்வில், 35 வாட்டில் ஏறக்குறைய 3,000 லூமென் கொட்டும். இழைக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் அதை வைப்பது, சொம்பில் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிடுவது போல.

ப்ரொஜெக்டர் கதை வேறு. அது நீள்வட்ட ரிஃப்ளெக்டர். ஒரு குவியத்தில் ஒளி, மறு குவியத்தில் ஒரு தகடு, அதற்கு முன்னால் லென்ஸ். தகட்டின் மேல் விளிம்பைத்தான் லென்ஸ் தலைகீழாக்கிச் சாலையில் வரைகிறது. இங்கே பல்பு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் நடுப்பகுதி மங்கும், அகலம் குறையும். கோடு மட்டும் கலையாது. எதிரே வருகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஹை, லோ இரண்டையும் ஒன்றாகத் தரும் பை-எல்இடி மாட்யூலில் இன்னும் வசதி: சிப்பும் லென்ஸும் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும், நம் ஸ்க்ரூடிரைவர் அங்கே போகாது.

ஆனால் அதை மாட்ட ஹெட்லைட்டைச் சூடாக்கி, பசையை இளக்கித் திறக்க வேண்டும். திரும்ப மூடுவது சரியில்லையென்றால் ஐப்பசி மழையில் கண்ணாடிக்குள் ஆவி கட்டும். மாட்யூல் ஒரு டிகிரி சுழன்று உட்கார்ந்தாலே கோடு சாய்ந்துவிடும். ஆர்டர் போடும்போது முக்கியமாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: சாலையின் வலப்பக்கமாக வண்டி ஓட்டும் நாடுகளுக்குச் செய்த மாட்யூலில் வெளிச்சம் வலப்பக்கம் ஏறும். இங்கே அது நேராக எதிர்வண்டிக்காரர் கண்ணில். நான் முதலில் வாங்கியதே அந்த ரகம்தான், அட்டையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தொழிற்சாலைகளுக்கும் இந்தத் துல்லியம் சும்மா வந்துவிடுவதில்லை. சாலிடர் உருகும்போது எல்இடி மெல்ல மிதந்து நகரும். ஊசியும் துளையும் வைத்துப் பொருத்தினால் எல்லாப் பாகத்தின் பிசகும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். அதனால் விலை உயர்ந்த விளக்குகளில் எல்இடியை எரியவிட்டு, விழும் வெளிச்சத்தைக் கேமராவில் பார்த்தபடியே லென்ஸை நகர்த்தி, சரியான இடத்தில் புற ஊதாக் கதிரால் பசையை இறுக்குகிறார்கள். 2016-ல் வந்த மெர்சிடிஸ் ஈ-கிளாஸின் ஒரு விளக்கில் 84 எல்இடி. ஒவ்வொன்றும் சாலையில் தனக்கென ஒரு கட்டத்தை வரையும்போது வேறு வழியில்லை.

எச்4 கார் வைத்திருப்பவருக்கு என் வரிசை: முதலில் ரிலேயும் நல்ல ஹாலஜனும். அது போதவில்லை, கையில் காசும் பொறுமையும் இருக்கிறது என்றால் பை-எல்இடி ப்ரொஜெக்டர். எல்இடி பல்பை, திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும். ராத்திரி சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். பல்பின் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே ஒரு டேப் ஒட்டுங்கள். பழைய ஹாலஜனின் கோடு முதலில் அதில் படியட்டும். பிறகு எல்இடியை மாட்டி, இடப்பக்கம் ஏறும் சாய்வு போக, டேப்புக்கு மேலே வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் காலரைத் திருப்பிப் பார்க்கலாம், அதற்கும் அடங்கவில்லையென்றால் பெட்டியில் போட்டுவிடலாம். அதற்கு முன் ஒரு தடவை, மூன்று காதும் பள்ளத்தில் உட்கார்ந்து கம்பிக் கிளிப் 'டக்' என்று விழுந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.