ஆன்லைன் ஒப்பந்தத்தை மீறினால்: நுகர்வோர் ஆணையமா, சிவில் கோர்ட்டா, ஆர்பிட்ரேஷனா?

"எழுத்தில் ஒன்றும் இல்லையே" என்று எதிராளி நழுவும் காலம் போய்விட்டது. மின்னணு வடிவில் இருப்பதாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில் மின்னஞ்சல்களை வைத்தே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீறியவரை எங்கே இழுப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் விடை மாறும்.

சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் பார்த்துக்கொள்ளும். கம்பெனி குருகிராமில் இருந்தாலும் மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. உத்தரவை மதிக்காதவருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு என்பதால் பணம் வந்து சேரவும் வாய்ப்பு அதிகம். 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா இங்கேயும் உண்டு. 2 ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.

மறுவிற்பனைக்குச் சரக்கு எடுத்த வியாபாரிக்கு இந்தக் கதவு பொதுவாகத் திறக்காது. அவருக்கு சிவில் கோர்ட்தான். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம்: 2 லட்சம் கேட்டால் 6,000 ரூபாய். காலவரம்பு 3 ஆண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவுப்படி, மீறலால் இயல்பாக வந்த நஷ்டமும், மீறினால் வரும் என்று ஒப்பந்தம் போடும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டமும் மட்டுமே கிடைக்கும். "இந்தச் சரக்கு வந்திருந்தால் அடுத்த ஆர்டரும் பிடித்திருப்பேன்" என்பதெல்லாம் பெரும்பாலும் எடுபடாது. ஒப்பந்தத்தில் பெரிய அபராதத் தொகை எழுதியிருந்தாலும் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டோடு நிறுத்திவிடும். வணிகத் தகராறு 3 லட்சமும் அதற்கு மேலும் என்றால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவரை, முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும்.

சிவில் வழியில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 2018 திருத்தத்துக்குப் பிறகு, எழுத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, அப்போதும் சரக்கு வராவிட்டால் வெளியில் வாங்கி அந்தச் செலவை மீறியவரிடமே வசூலிக்கலாம். தொழில் நின்றுபோகக் கூடாது என்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் தனி நடுவர் தகராறைத் தீர்க்கும் ஷரத்து, நாம் படிக்காமல் ஸ்க்ரோல் செய்யும் நிபந்தனைகளுக்குள் உட்கார்ந்திருக்கும். நுகர்வோரை அது ஆணையத்துக்குப் போகவிடாமல் தடுக்காது (எமார் எம்ஜிஎஃப் வழக்கு, 2018). வியாபாரியைக் கட்டுப்படுத்தும், அவர் சிவில் கோர்ட்டுக்குப் போனாலும் எதிராளி அந்த ஷரத்தைக் காட்டித் திருப்பிவிடலாம். ஆனால் தீர்ப்பில் ஆதாயம் உள்ள கம்பெனியே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் வழக்கில் 2019-இல் முடிவானது. தொகை பெரிதாக இருந்தால் நல்ல வழி. 40,000 ரூபாய் தகராறுக்கு நடுவர் கட்டணமே விழுங்கிவிடும்.

எந்த வழியில் போனாலும் ஆதாரம் வேண்டும். சிவில் கோர்ட்டில் வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்டின் பிரிண்ட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, கோப்பின் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை போன்றது) கூடிய சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதியில் நீங்களும் மறுபகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அதனால் வழக்கு முடியும்வரை பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.