அழும்போது கோணும் வாய்: தசையா, நரம்பா?

பிறந்த குழந்தை தூங்கும்போது முகம் நேராகத்தான் இருக்கும். வீறிட்டு அழுதால் மட்டும் வாய் ஒரு பக்கமாக இழுக்கும். இதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்: கீழுதட்டின் ஓரத்தைக் கீழே இழுக்கும் சின்னத் தசை ஒரு பக்கம் சரியாக வளராதது, அல்லது முகநரம்பின் பலவீனம். வித்தியாசம் தெரிய வாயைவிடக் கண்ணைப் பாருங்கள்.

தசைக் குறை என்றால் அழும்போது இரண்டு கண்ணும் இறுக மூடும், நெற்றி சுருங்கும். உதட்டின் ஒரு மூலை மட்டும் கீழே இறங்காது. இங்கேதான் வீட்டில் எல்லோரும் குழம்புவார்கள்: கீழே இழுபடுவது நல்ல பக்கம், அசையாமல் நிற்பதுதான் குறையுள்ள பக்கம். பால் குடிப்பதில் பெரும்பாலும் சிரமம் இருக்காது.

நரம்பு என்றால் அந்தப் பக்கக் கண் முழுசாக மூடாது, கன்ன மடிப்பு தட்டையாகிவிடும், பால் கடைவாயில் வழியலாம். ஆயுதம் போட்டு எடுத்த குழந்தைகளுக்கும் பிரசவம் இழுத்தடித்த குழந்தைகளுக்கும் இது வரும். இவை எதுவும் இல்லாமலும் வரலாம். பிரசவத்தில் அழுந்திய நரம்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தேறிவிடும். அதுவரை கண் உலராமல் பார்த்துக்கொள்ள டாக்டர் சொட்டு மருந்தோ களிம்போ தருவார்.

பார்க்கப் பயமாக இருப்பது நரம்புக் கோளாறுதான். ஆனால் சாதாரணமாகத் தெரிகிற தசைக் குறையையும் நான் லேசாக விடமாட்டேன். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இதயத்திலும் குறை இருக்கும். சிலருக்கு 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். அதனால் டாக்டர் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். காட்டப் போகும் நேரத்தில் குழந்தை சமர்த்தாகத் தூங்கிவிடும். அழும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எண்ணெய் போட்டு முகத்தை உருவிவிட்டால் நேராகும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தசையோ நரம்போ உருவுவதால் சரியாகாது.

அழாதபோதும் முகம் கோணலாக, தலையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கழுத்துத் தசை இறுக்கமாக இருக்கலாம். அதற்குப் பிசியோதெரபி உண்டு.

பிறந்ததிலிருந்தே இருப்பதை ஓரிரு நாளில் குழந்தைகள் நல டாக்டரிடம் காட்டலாம். நேற்றுவரை நேராக இருந்த முகம் இன்று திடீரெனக் கோணினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடவே கை கால் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ 108-ஐ உடனே கூப்பிடுங்கள்.