கால் பங்கு மாடு வாங்கின கதை, கூடவே அதை வெட்டுன இடத்தோட ரிவ்யூ (5க்கு 4)

மொதல்லயே சொல்லிடறேன், சாப்பாட்டு நேரத்துல இதைப் படிக்காதீங்க. மாட்டுக்கறி சாப்பிடாதவங்க இப்பவே நகந்துக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

நாங்க இருக்கறது அமெரிக்கால அயோவா மாநிலம், டெ மாயின்ஸ்லேர்ந்து ஒரு மணி நேரம் தள்ளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சோளக்காடு, மாடு, பன்னி. இவ்ளோ மாட்டுக்கு நடுவுல குடியிருந்துட்டு ஆறு வருஷமா சூப்பர்மார்க்கெட்ல ப்ளாஸ்டிக் தட்டுல பாக் பண்ணினதத்தான் வாங்கிட்டிருந்தோம். ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவரோட மச்சினர் மாடு வளக்கறார், ஒரு மாட்டை நாலு வீடு சேந்து வாங்கலாம்னு பேச்சு வந்துச்சு. எங்க செட்டுல ஒரு பாய் வீடும் இருந்துச்சு, ஆனா மாட்டை வெட்டிக் குடுக்கற இந்த ப்ளான்ட்ல ஹலால் கிடையாதுன்னதும் அவர் ஒதுங்கிட்டார், நியாயந்தான். அந்தக் கால் பங்கை விவசாயியே எடுத்துக்கிட்டார்.

ப்ளான்ட் பேரை போடல. நல்லதும் சொல்லுவேன், குறையும் சொல்லுவேன், சின்ன ஊரு, அடுத்த தடவையும் ப்ளான்ட் ஆபீஸ்ல இருக்கற அதே அம்மா முகத்துலதான் முழிக்கணும். அதுவும் போக நான் சொல்ல வர்றது ஒரு கடையைப் பத்தி மட்டும் இல்ல, இந்த மாதிரி இடத்துக்குப் போனா என்னத்தப் பாக்கணும்னுதான்.

ஸ்லாட் கிடைக்கவே நாலு மாசம் ஆச்சு. இங்க சின்ன ப்ளான்ட்ல ரெண்டு மூணு தினுசு உண்டு. யூஎஸ்டிஏ (மத்திய அரசோட விவசாயத் துறை) இன்ஸ்பெக்டரோ மாநில இன்ஸ்பெக்டரோ வெட்டற அன்னைக்கு நேர்ல நின்னு ஒவ்வொரு மாடா பாக்கற இடம் ஒண்ணு. "கஸ்டம்"னு சொல்ற இடம் இன்னொண்ணு, அங்க ஒவ்வொரு மாட்டுக்கும் ஆள் நிக்க மாட்டாங்க, மாட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான், பாக்கெட் மேலயே "விற்பனைக்கு அல்ல"ன்னு முத்திரை விழும். ரெண்டாவது தப்புன்னு சொல்லல, ஆனா எனக்கு ரெண்டு சின்னப் பசங்க இருக்காங்க, இன்ஸ்பெக்டர் இருக்கற இடம்தான் வேணும்னு பிடிவாதமா நின்னேன். கேட்டப்ப போன்லயே எஸ்டாப்ளிஷ்மென்ட் நம்பரை, அதாவது அரசாங்கம் அந்த ப்ளான்ட்டுக்குக் குடுத்த நம்பரை, டக்குன்னு சொன்னாங்க. அந்த நம்பரை வெச்சு ஆன்லைன்ல தேடலாம், எஃப்எஸ்ஐஎஸ் (யூஎஸ்டிஏவோட உணவுப் பாதுகாப்புப் பிரிவு) எந்த ப்ளான்டையாவது மாட்டை மோசமா நடத்தினதுக்காக சஸ்பென்ட் பண்ணினா அந்த லெட்டரை வெப்சைட்லயே போட்டுடுவாங்க. சின்ன இடம்னாலே பாசமா நடத்துவாங்கன்னு நினைக்காதீங்க, மயக்கறதுக்கு நெத்தியில அடிக்கற முதல் ஷாட் மிஸ் ஆகி மாடு திரும்ப எழுந்து நின்னதுக்காக மூடின குட்டிக் குட்டி ப்ளான்ட் அந்த லெட்டர்கள்ல எத்தனையோ இருக்கு. நான் ஒரு சாயந்திரம் பூரா உக்காந்து படிச்சுட்டு ராத்திரி சாப்பிடாம படுத்தேன்.

விவசாயி ட்ரெய்லர்ல மாட்டைக் கொண்டு போறப்ப நானும் கூடப் போனேன். இதுதான் இந்த ரிவ்யூவோட மெயின் பார்ட். கறுப்பு ஆங்கஸ் ஜாதிக் காளை, காயடிச்சது, 1240 பவுண்டு. ட்ரெய்லர்லேர்ந்து இறங்கி சந்து மாதிரி போற வேலிக்குள்ள நாலு அடி வெச்சுது, டக்குன்னு நின்னுடுச்சு. தலையத் தாழ்த்தி எதையோ மோந்து பாக்குது, ஒரு அடி நகரல. எங்க ஊரா இருந்தா வாலை முறுக்கி "ஹை ஹை"ன்னு நாலு பேர் கத்தியிருப்போம். அங்க இருந்த ஆள் ஒரு வார்த்தை பேசல. மாடு பாக்கற திசையிலயே குனிஞ்சு பாத்தார். யாரோ வேலி மேல ஒரு மஞ்ச ரெயின்கோட்டைப் போட்டிருக்காங்க, அதோட கை காத்துல ஆடிட்டிருக்கு. நடந்து போய் அதை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டார். மாடு தானா நடந்து போயிடுச்சு. அவ்ளோதான்.

அந்த ஆள் அப்புறம் சொன்னார், மாட்டைச் சுத்தி ஒரு வட்டம் இருக்குங்க, அதுக்குள்ள நாம கால் வெச்சா அது நகரும், வெளிய வந்துட்டா நின்னுடும், தோள்பட்டைக்குப் பின்னாடி நின்னா முன்னாடி போகும், முன்னாடி வந்து நின்னா பின்வாங்கும், இது தெரிஞ்சா கரன்ட் குச்சியே வேண்டாம்னு. கரன்ட் குச்சி சுவத்துல தொங்கிட்டுதான் இருந்துச்சு, நான் இருந்த வரைக்கும் யாரும் தொடல.

இதெல்லாம் கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி புரொபசர் டெம்பிள் கிராண்டின் எத்தனையோ வருஷமா சொல்லிட்டு வர்ற விஷயம். அந்த அம்மாவுக்கு ஆட்டிசம், மாடு போற சந்துக்குள்ள தானே இறங்கி அது கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு பாத்தவங்க. ஆடற சங்கிலி, தரையில ஈரத்துல மின்னற வெளிச்சம், திடீர்னு வர்ற நிழல், இதுக்கெல்லாம்தான் மாடு மிரளுது. 1999ல மெக்டொனால்ட்ஸுக்காக பெரிய பெரிய ப்ளான்டையெல்லாம் ஆடிட் பண்ணினப்ப அவங்க வெச்சது ரொம்ப சிம்பிளான கணக்கு. 100 மாட்டுல குறைஞ்சது 95 முதல் ஷாட்லயே விழணும், 3க்கு மேல கத்தினா பெயில், உணர்வோட ஒண்ணே ஒண்ணு மேல தொங்கினாலும் பெயில். நல்லா நடத்தறோம்னு வாயால சொல்றதையெல்லாம் ஓரமா வெச்சுட்டு எண்ணிப் பாருன்னு சொன்னதுதான் அந்த அம்மாவோட கெட்டிக்காரத்தனம்.

நானும் எண்ணினேன். அன்னைக்கு அந்த ப்ளான்ட்ல ஒன்பது மாடு, நான் பாத்தது மூணு. ஒண்ணு கூட கத்தல. அந்த அமைதிதான் எனக்கு நம்பிக்கை குடுத்துச்சு, டைல்ஸும் பளபளப்பும் இல்ல.

வெட்டற பக்கம் உள்ள விடுவாங்கன்னு எதிர்பாக்கல, விவசாயியோட ஆள்னு சொன்னதால வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலை, பூட்ஸை மருந்துத் தண்ணியில முக்கிட்டு ஒரு ஓரமா நிக்க விட்டாங்க. மாடு ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள வரும், தலை அசையாம நிக்கற மாதிரி ஒரு பிடி. கண்ணுலேர்ந்து எதிர்ப்பக்கக் கொம்பு அடிக்கு மனசுக்குள்ள ரெண்டு கோடு போட்டா எங்க வெட்டுதோ நெத்தியில அந்த இடத்துல போல்ட் துப்பாக்கியை வெச்சு ஒரே அடி, தோட்டாவுக்குப் பதிலா உள்ள இருக்கற இரும்புக் கம்பி மண்டைக்குள்ள பாஞ்சுட்டுத் திரும்ப துப்பாக்கிக்குள்ளயே வந்துடும். மொத அடி தப்பினா அடிக்க பக்கத்துல இன்னொரு துப்பாக்கி லோட் பண்ணி ரெடியா இருக்கு, அதைத்தான் நான் மொதல்ல தேடினேன். விழுந்ததும் அவசரப்படல. இமைக்கக் கூடாதுன்னு கண்ணைத் தொட்டுப் பாக்கறாங்க, மூச்சு சீரா வரக் கூடாதுன்னு விலாவைப் பாக்கறாங்க, நாக்கு தொங்குதான்னு பாக்கறாங்க. கால் உதைக்கும், அது நரம்பு, பாத்துப் பயந்துடாதீங்கன்னு எங்கிட்ட தனியா சொன்னாங்க. அப்புறம்தான் சங்கிலி, அப்புறம்தான் கத்தி. 1958லயே இந்த நாட்டுல சட்டம் வந்துடுச்சு, அரசாங்கத்துக்குக் கறி விக்கற ப்ளான்ட்ல மயக்கிட்டுதான் வெட்டணும்னு, மதமுறைப்படி அறுக்கறதுக்கு மட்டும் விலக்கு. 1978ல மத்திய இன்ஸ்பெக்டர் இருக்கற எல்லா ப்ளான்ட்டுக்கும் அதை ஆக்கி, இன்ஸ்பெக்டர் கையில குடுத்தாங்க. ஆனா சட்டம் இருந்தும் 2008ல கலிபோர்னியால சீனோன்ற ஊர்ல எழுந்திரிக்க முடியாத மாட்டை ஃபோர்க்லிஃப்ட்ல முட்டித் தள்ற வீடியோ வெளிய வந்து 143 மில்லியன் பவுண்டு கறியைத் திரும்ப வாங்கினாங்க. அதுல நிறைய ஸ்கூல் சத்துணவுக்குப் போனது. அதுக்கடுத்த வருஷம்தான் நடக்க முடியாத மாட்டை மொத்தமாவே வெட்டக் கூடாதுன்னு ரூல் வந்துச்சு.

இதுல சுத்தம் எங்க வருதுன்னா, தோல் உரிக்கற எடத்துல. ஆரோக்கியமான மாட்டோட கறிக்குள்ள கிருமி கிடையாது, தோல்லயும் குடல்லயும்தான் இருக்கு. அந்தச் சாணி ஒரு துளி கறி மேல பட்டா போச்சு. தோலைக் கீற ஒரு கத்தி, கறியைத் தொட வேற கத்தி, ஒவ்வொரு தடவையும் 82 டிகிரி வென்னீர்ல முக்கி எடுக்கறாங்க. ஆசனவாயைச் சுத்தி அறுத்து பாலித்தீன் கவர் போட்டுக் கட்டறாங்க, உணவுக்குழாயையும் கட்டிடறாங்க, குடலை இறக்கறப்ப ஒண்ணும் சிந்தக் கூடாதுன்னு. ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், அந்தக் குடலை மொத்தமா ரெண்டு கையால ஏந்தி ஒரு சொட்டு சிந்தாம வண்டியில விட்டுது பாருங்க, பிரசவம் பாத்த மாதிரி இருந்துச்சு. இன்ஸ்பெக்டர் ஈரலைத் தடவிப் பாத்தார், தலையில நெறி கட்டியிருக்கான்னு கீறிப் பாத்தார். கடைசியில லாக்டிக் ஆசிட் தண்ணி ஸ்ப்ரே, நேரா கூலர்.

நடுவுல ஒரு சமாசாரம். இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்து பல்லைப் பாத்தார். தானம் குடுத்த மாட்டைத்தானே பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது, காசு குடுத்த மாட்டைப் பாக்கலாம்! 30 மாசம் தாண்டிச்சான்னு பல்லை வெச்சுதான் சொல்றாங்க. தாண்டியிருந்தா மூளை, கண்ணு, தண்டுவடம், முதுகெலும்பு எல்லாம் தூரப் போடணும். 2003 டிசம்பர்ல வாஷிங்டன் மாநிலத்துல பைத்திய மாட்டு நோய் கண்டுபிடிச்சப்புறம் வந்த ரூல். நம்மாளுக்கு பால் பல்லு விழுந்து முளைச்சது ரெண்டே ரெண்டுதான், 30 மாசம் ஆகலன்னு பாஸ் பண்ணிட்டார்.

இப்ப குறைக்கு வர்றேன். எல்லாமே எனக்கு வந்த கறிப் பாக்கெட்டைப் பத்தினது.

கட் ஷீட்னு ஒண்ணு குடுப்பாங்க, எந்தப் பகுதியை எப்படி வெட்டணும்னு டிக் பண்ணணும். ஸ்டேக் எத்தனை இஞ்ச், ரோஸ்ட் எத்தனை பவுண்டு, மீதியெல்லாம் அரைச்ச கறி. நமக்கு இதுல ஒண்ணும் வேலைக்கு ஆகாது. நான் நாகர்கோவில்காரன், ஞாயித்துக்கிழமை காலைல கட்டை மேல வெச்சு சடசடன்னு எலும்போட துண்டு போட்டு தேக்கு எலையில கட்டிக் குடுத்த எறச்சி தின்னு வளந்தவன். "கறிக்கு எலும்போட ஒரு இஞ்ச் துண்டு"ன்னு எழுதிக் குடுத்தேன், போன்ல ரெண்டு தடவை சொன்னேன், ஆபீஸ் அம்மா "ஷ்யூர் ஹனி"ன்னாங்க. வந்தது என்னன்னா எலும்பில்லாத ஸ்ட்யூ மீட், நாலே நாலு பாக்கெட், மீதி கழுத்து, நெஞ்சு, எல்லாம் அரைச்சுட்டாங்க. நல்லி எலும்பு "நாய்க்கு"ன்னு லேபிள் ஒட்டி வந்துச்சு. நாய் எங்க வீட்டுல இல்ல, நாங்கதான் இருக்கோம்.

குடல் கேட்டேன், சுத்தம் பண்ற வசதி இல்லைன்னாங்க, சரி. மூளை சின்ன வயசு மாடுன்னா சட்டப்படி ஓகே, ஆனா இவங்க தர்றதில்ல. நுரையீரல் கேட்டப்ப சிரிச்சாங்க, மாட்டு நுரையீரலை மனுசன் சாப்பாட்டுக்கு விக்கறதுக்கு இந்த நாட்டுல 1971லேர்ந்தே தடையாம். ஈரல் மட்டும் கிடைச்சுது, அதையும் நாலு வீட்டுக்குப் பிரிக்காம முழுசா மொத ஆள் பெட்டியில போட்டுட்டாங்க. அந்த மொத ஆள் நான் இல்ல.

பணக் கணக்கு. தோலுரிச்சு தொங்கவிட்ட வெயிட் 760 பவுண்டு, என் பங்கு 190. விவசாயிக்கு பவுண்டுக்கு 4.25, ப்ளான்ட்டுக்கு வெட்டிப் பாக் பண்ண 1.10, வெட்டுக்கூலி என் பங்குக்கு 30 டாலர். மொத்தம் 1046 டாலர் சொச்சம். வீட்டுக்கு வந்தது 120 பவுண்டு, மீதி எலும்பு, கொழுப்பு, 14 நாள் கூலர்ல தொங்கினதுல வத்தின தண்ணி. அதாவது கையில வர்ற கறி பவுண்டுக்கு 8.72. அரைச்ச கறிக்கு இது அதிகம், ஸ்டேக்குக்கு கொள்ளை மலிவு. ஃப்ரீசர் தனியா வாங்கணும்ன்றதை வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க, நான் சொல்லாம வாங்கிட்டு பட்ட பாட்டை இங்க எழுத முடியாது.

ருசி? மிரளாத மாட்டுக் கறின்னு நாக்குல தெரியுமான்னு கேட்டீங்கன்னா, கலர்ல தெரியும். ரொம்ப நேரம் பயந்து அலைஞ்ச மாட்டோட தசையில சக்கரைச் சத்து தீந்துடும், புளிப்பு ஏறாது, கறி கறுத்து பிசுபிசுன்னு இருக்கும், சீக்கிரம் கெடும். இது நல்ல செர்ரிச் சிவப்பு. பெப்பர் ஃப்ரைக்கு குக்கர்ல அஞ்சு விசில் வெக்கறது எங்க வழக்கம், மூணுலயே வெந்துடுச்சு.

ஆனா இவ்ளோ பாத்து வாங்கினாலும் அரைச்ச கறியை நான் பாதி வேக்காட்டுல சாப்பிடறதில்ல. முழுத்துண்டுல கிருமி மேலதான் இருக்கும், தோசைக்கல் சூட்டுல செத்துடும், அரைச்சா உள்ள போயிடும். 1993ல ஜாக் இன் தி பாக்ஸ் பர்கர்ல ஈ.கோலை ஓ157:எச்7ன்ற கிருமி வந்து 700 பேருக்கு மேல படுத்தாங்க, நாலு குழந்தைங்க செத்துடுச்சு. அடுத்த வருஷம்தான் அரைச்ச மாட்டுக்கறியில அந்தக் கிருமி இருந்தாலே விக்கக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்லுச்சு, அதுவரைக்கும் நல்லா வேக வெக்காதது உன் தப்புன்ற மாதிரிதான் இருந்துச்சு. கறி நடுவுல 71 டிகிரி சூடு வரணும், குத்திப் பாக்கற தெர்மாமீட்டர் 15 டாலர். நம்ம கோலா உருண்டைக்கு இந்தக் கவலையே கிடையாது, எண்ணெயில பொரிச்சு எடுத்துடறோம், பசங்களோட பர்கருக்குத்தான்.

ஒரு ஸ்டார் கொறைச்சது கட் ஷீட்டுக்காக. மாட்டை நடத்தினதுக்கும் சுத்தத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு.

அடுத்த மாட்டுக்கு அக்டோபர்ல ஸ்லாட் போட்டாச்சு, இந்தத் தடவை "எலும்போட, ரம்பத்துல, ஒரு இஞ்ச்"னு படமே வரைஞ்சு குடுத்திருக்கேன். ஒரு கால் பங்கு காலியா இருக்கு, பக்கத்துல யாராவது இருந்தா சொல்லுங்க. ஈரல் எனக்கு.