ஆர்செனிக் வகை பிரிக்க எல்சி-ஐசிபி-எம்எஸ்: பல வருஷம் ஓட்டின அனுபவம்

சென்னைல ஒரு டெஸ்டிங் லேப்ல பல வருஷமா எல்சி-ஐசிபி-எம்எஸ் செட்டப்பதான் (எல்சி ஆர்செனிக் வகைகள தனித்தனியா பிரிக்கும், ஐசிபி-எம்எஸ் அத பிளாஸ்மால விட்டு மாஸ் வச்சு அளக்கும்) ஓட்டிக்கிட்டு இருக்கேன், புதுசா வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். அருமையான கருவி, ஆனா எல்லா லேபுக்கும் தேவைப்படாது.

மொத்த ஆர்செனிக் நம்பர மட்டும் வச்சு பயப்படவும் முடியாது, நிம்மதியா இருக்கவும் முடியாது. காசிமேட்டு இறால்ல மொத்தம் பாத்தா சில சமயம் பல பிபிஎம் காட்டும், எக்ஸ்போர்ட் பண்றவர் பதறிப்போய் போன் பண்ணுவாரு, பிரிச்சுப் பாத்தா பெரும்பகுதி ஆர்செனோபீட்டைன்னு ஒரு ஆர்கானிக் வகை, அது உடம்புல தங்காம யூரின்லயே போயிடும். அதே அளவு, விஷம் ஜாஸ்தியான இன்ஆர்கானிக் வகையான ஆர்செனிக் 3-ஆ இருந்தா கதையே வேற.

நாங்க போடுறது ஹாமில்டன் பிஆர்பி எக்ஸ்100 காலம் (column, வகைகள பிரிக்கிற குழாய்). ஆர்செனிக் 3 சீக்கிரமே வெளிய வந்துடும், டிஎம்ஏ, எம்எம்ஏ (ரெண்டும் மீத்தைல் சேந்த ஆர்கானிக் வகைகள்) நடுவுல, ஆர்செனிக் 5 (இன்னொரு இன்ஆர்கானிக் வகை) கடைசில. இதுல ஒரு சிக்கல், ஆர்செனோபீட்டைனும் ஆரம்பத்துலயே ஆர்செனிக் 3-ஓட ஒட்டிக்கிட்டு வரும், மீன் சாம்பிள்ல அந்த முதல் பீக் (கிராஃப்ல வர்ற முகடு) பெருசா நிக்கும்போது எது எதுன்னு தெரியாது. அப்போ எக்ஸ்ட்ராக்ட்ல கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு மறுபடி ஓட்டணும், ஆர்செனிக் 3 எல்லாம் 5-ஆ மாறி கடைசிக்குப் போயிடும், ஆர்செனோபீட்டைன் மட்டும் அசையாம அங்கயே நிக்கும். எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு இது சலிச்சதே இல்ல.

அரிசில இருந்து ஆர்செனிக்க வெளிய எடுக்க 0.28 மோலார் நைட்ரிக் ஆசிட், 95 டிகிரி, 90 நிமிஷம். இதுல 3-ம் 5-ம் ஒண்ணுக்கொண்ணு மாறலாம், அதனால ரெண்டையும் கூட்டி இன்ஆர்கானிக்னு ரிப்போர்ட் பண்றதுதான் நேர்மை, கோடெக்ஸ்ங்கிற சர்வதேச உணவுத் தர அமைப்போட வரம்பும் (பாலிஷ் அரிசிக்கு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்) அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான். கூடவே என்ஐஎஸ்டி 1568பி அரிசி மாவ (அளவு உறுதி செஞ்சு அமெரிக்க தர நிறுவனம் குடுக்குற ஒப்பீட்டு மாதிரி) ஓட்டிடுங்க, அதுல கிலோவுக்கு மில்லிகிராம் கணக்குல மொத்தம் 0.285, இன்ஆர்கானிக் 0.092, டிஎம்ஏ 0.180. இந்த மூணும் சரியா வந்தாதான் நான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுவேன்.

ஈசிஆர் பக்கத்து போர் தண்ணி மாதிரி உப்பு ஜாஸ்தியா இருந்தா ஆர்கானும் குளோரினும் சேந்து 75-ல, அதாவது ஆர்செனிக்கோட அதே மாஸ்ல, போலி பீக் காட்டும். ஹீலியம் மோட்ல (ஹீலியம் வாயு விட்டு அந்தப் போலி அயனிகள தடுக்குறது) போட்டா அடங்கிடும். பாஸ்பேட் மொபைல் பேஸ் (காலம் வழியா ஓடுற திரவம்) போட்டா கோன்ல (பிளாஸ்மாவுல இருந்து உள்ள போற வாசல்ல இருக்குற கூம்பு) படியும், வேலை முடிஞ்சதும் தண்ணி விட்டு நல்லா கழுவணும்.

செலவுன்னா ஆர்கான்தான், பிளாஸ்மா எரியுற வரைக்கும் நிமிஷத்துக்கு 15 லிட்டருக்கு மேல போகும். மே மாசத்துல ரூம் ஏசியும் சில்லரும் படுற பாடு தனி, நல்ல யூபிஎஸ் இல்லாம இறங்கவே இறங்காதீங்க.

ஆனா மெஷின விட சாம்பிள் எடுக்குற இடத்துலதான் பாதி ரிசல்ட் கெட்டுப்போகுது. வங்காளம், பீகார் பக்கத்து நிலத்தடி தண்ணில இரும்பு இருக்கும், சும்மா பாட்டில்ல பிடிச்சு ரயில்ல அனுப்பினா இரும்பு துருவாப் படிஞ்சு ஆர்செனிக்கையும் கூட இழுத்துக்கிட்டுப் போயிடும், மிச்சம் இருக்குற 3-ம் 5-ஆ மாறிடும். பிடிக்கும்போதே வடிகட்டி, ஈடிடிஏ (இரும்ப படிய விடாம பிடிச்சு வைக்கிற கெமிக்கல்) போட்டு, வெளிச்சம் படாத பாட்டில்ல ஐஸ் வச்சு அனுப்பச் சொல்லுங்க. யூரின் சாம்பிள்னா மூணு நாலு நாளைக்கு மீன், நண்டு, இறால் எதுவும் சாப்பிடாம குடுக்கச் சொல்லணும், நேத்து வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டவர் யூரின்ல மொத்த ஆர்செனிக் எகிறி நிக்கும், அவர் வீட்டுத் தண்ணிய வீணா சந்தேகப்படுவாங்க.

வெறும் குடிதண்ணி மட்டும்தான் பாக்குறீங்கன்னா ஹைட்ரைடு ஏஏஎஸ் (ஆர்செனிக்க வாயுவாக்கி, அது ஒளிய உறிஞ்சுறத வச்சு அளக்குற கருவி) போதும், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரம்ப தாராளமா பாக்கும், போரோஹைட்ரைடு போடுற இடத்துல ஆர்சின்ங்கிற விஷ வாயு வரும்ங்கிறதால எக்ஸாஸ்ட் மட்டும் பக்காவா இருக்கணும். மீன், அரிசி, யூரின் எல்லாம் வருதுன்னா தயங்காம எல்சி-ஐசிபி-எம்எஸ் போங்க, வாங்கும்போதே கார்டு காலம் (மெயின் காலத்துக்கு முன்னாடி அழுக்க பிடிக்கிற சின்னக் குழாய்) ரெண்டு மூணு சேத்து ஆர்டர் போட்டுடுங்க, தனியா கேட்டா வந்து சேர நாளாகும்.