பழைய டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் மிண்ட்: புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 செயலி போட்ட கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அதற்காக நன்றாக ஓடுகிற பெட்டியை யாரும் காயலான் கடையில் போட வேண்டாம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள்.

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் அதுதான் ஓடுகிறது. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் பழகிய இடத்திலேயே இருப்பதால் வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரெ ஆபீஸும் கூடவே வந்துவிடுகின்றன. உபுண்டு என்கிற இன்னொரு லினக்ஸும் நல்லதுதான், மிண்டே அதன் மேல் கட்டப்பட்டதுதான், ஆனால் உபுண்டுவின் திரை அமைப்பு வேறு மாதிரி என்பதால் முதல் வாரத்திலேயே ஆட்கள் விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஃபெடோரா என்கிற மற்றொரு லினக்ஸில் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம்தான் ஆதரவு, புதியவருக்கு அது தொல்லை. மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு.

மிண்டில் 4 ஜிபி ராம் இருந்தால் சின்னமன் என்கிற பதிப்பு, அதற்கும் கீழே என்றால் இன்னும் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ பதிப்பு. ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி மாட்ட முடிந்தால் மாட்டிவிடுங்கள், வேகத்தில் அவ்வளவு வித்தியாசம் தெரியும். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்கில் எதுவும் அழியாது. அப்போதே வைஃபை, ஸ்பீக்கர், முக்கியமாக பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவரைத் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மிண்டில் எனக்கு மிகவும் பிடித்தது, சிஸ்டத்தின் நிலையைப் பிரதி எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்கிற கருவி. ஏதாவது அப்டேட்டில் சிஸ்டம் சொதப்பினால் முந்தைய நிலைக்கே திருப்பிக்கொண்டு வந்துவிடலாம், புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய தைரியம் எதுவும் கிடையாது. ஆனால் நிறுவிய அன்றே அதை நாமே அமைத்து வைக்க வேண்டும், அப்புறம் அது சிஸ்டம் கோப்புகளை மட்டும்தான் காக்கும், உங்கள் போட்டோக்களை வழக்கமாகத் தொடாது, அவற்றுக்குத் தனியாக ஒரு பிரதி வெளி டிஸ்கில் வையுங்கள்.

தமிழில் படிக்க எந்தச் சிக்கலும் இல்லை. தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாகும் ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும், இதைத் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்பது என் குறை. பாமினி, வானவில் போன்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய ஆவணங்கள் இருந்தால் கவலை வேண்டாம், அந்த எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கு போட்டு நிறுவினால் லிப்ரெ ஆபீஸில் அப்படியே தெரியும்.

டேலியிலோ ஃபோட்டோஷாப்பிலோ தினமும் வேலை செய்கிறவர்கள் மட்டும் முழுசாக மாறாதீர்கள், இரண்டுமே லினக்ஸுக்கென்று வருவதில்லை. டிஸ்கில் இடம் இருந்தால் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் மிண்டை நிறுவுங்கள், ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இணையத்துக்கு மிண்ட், கணக்குக்கு விண்டோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.