பெங்களூரு பால்கனிக்கு எது: எரிகாவா, அசேலியாவா, குஃபியாவா?

பெங்களூரு நர்சரிகளில் "ஹெதர்" என்ற பூச்செடியைக் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது குஃபியாதான். ஊதாவும் வெள்ளையுமாகப் பொடிப் பூக்கள், அடர்ந்த சிறு இலை, வருஷம் பூராவும் பச்சை. ஆனால் அது மெக்ஸிகோ, குவாத்தமாலா பக்கத்துச் செடி. நம் மருதாணியும் மாதுளையும் சேர்ந்த குடும்பம். நிஜமான ஹெதர், அதாவது ஹீத் செடிகளான எரிகாவும், ஸ்காட்லாந்து மேடுகளில் படர்ந்து கிடக்கும் கலூனாவும் அசேலியாவின் சொந்தக்காரர்கள். ஊட்டிப் பக்கம் சிவப்பாகப் பூக்கிற காட்டுப்பூவரசும் அந்த ஹீத் குடும்பம்தான்.

வாங்கும் முன் ஒரு கிளையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். குஃபியாவின் இலை தட்டை, இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். பூவில் ஆறு இதழும் தனித்தனியாக விரியும். எரிகாவின் இலை ஊசி. ஓரங்கள் கீழே சுருண்டு அடிப்பக்கத்தையே மறைத்திருக்கும், ஒரு கணுவைச் சுற்றி மூன்றோ நான்கோ நிற்கும். பூ, இதழ்கள் ஒட்டிய மணியாகவோ குழாயாகவோ இருக்கும். கலூனாவில் ஊசிகூடக் கிடையாது. இறுக்கிப் பின்னிய சடை மாதிரி நாலு வரிசையில் தண்டோடு ஒட்டிய செதில்கள். அதில் நிறமாகத் தெரிவது பூவின் வெளியடுக்கான புல்லி இதழ்கள்.

வளர்ப்பு என்று வந்தால் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது தண்ணீர். ஹீத் குடும்பத்தின் வேர்கள் மயிரிழை போல மெல்லியவை, பூஞ்சையின் துணையோடு அமில மண்ணில் சத்தெடுப்பவை. எரிகா, அசேலியா இரண்டுக்கும் மண்ணின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) 4.5-லிருந்து 5.5-க்குள் இருந்தால் நிம்மதி. நம் போர்வெல், டேங்கர் தண்ணீரோ பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்த உப்புத் தண்ணீர். தொட்டி விளிம்பில் வெள்ளை படிவதே அதற்கு அடையாளம். ஊற்ற ஊற்ற மண்ணின் அமிலம் குறையும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். முட்டை ஓட்டுத் தூள், சாம்பல் இரண்டையும் இந்தச் செடிகளுக்குத் தயவுசெய்து போடாதீர்கள். தண்ணீரை மாற்றாமல் எலுமிச்சைச் சாறு ஊற்றுவதும் நிலைத்துப் பலன் தராது.

எரிகாவில் 800 இனங்களுக்குப் பக்கம் உண்டு. பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில். அதன் மேற்குப் பகுதியில் மழை குளிர்காலத்தில், கோடை வறட்சி. நமக்கு நேர்மாறு: சூடும் ஈரமும் சேர்ந்தே வரும், வேர் அழுகிவிடும். தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து. ஊசி இலை வாடிக் காட்டாது. பழுப்பேறுவது கண்ணில் படும்போது வேர் போயிருக்கும். கோத்தகிரியில் வீடிருந்தால் எரிகாவுக்குச் சரி சொல்வேன், ஒயிட்ஃபீல்டு பால்கனிக்கு மாட்டேன். கலூனாவுக்குக் குளிர்ச்சி இன்னும் அதிகம் வேண்டும், இங்கே அதைப் பேசவே வேண்டாம்.

குஃபியாவுக்கு இந்தக் கவலை ஒன்றுமில்லை. போர்வெல் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும், நல்ல வெயில் கொடுத்தால் இரண்டடிக்குள் புதராகி, கிட்டத்தட்ட ஓயாமல் பூக்கும். குச்சி வெட்டி நட்டாலே வேர் விடும். தேனீயும் பட்டாம்பூச்சியும் தேடி வரும்.

ஆனாலும் என் ஓட்டு அசேலியாவுக்கு. ஹீத் குடும்பத்தில் பெங்களூரின் மிதமான குளிருக்கு ஒத்துப்போவது அதுதான். உப்புத் தண்ணீருக்குப் பதில் மழைநீர் ஊற்றினால் போதும். பெங்களூரில் 2009-லேயே குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் கட்டடத்துத் தொட்டியிலிருந்து ஒரு டிரம் கேட்டு வாங்குங்கள். அலசிய கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), இலைமக்கு, கொஞ்சம் செம்மண் போதும். காலை வெயில், மதியம் நிழல். வேர் மேலாகவே பரவும், ஆகவே அகலத் தொட்டியில் வையுங்கள், மண்ணைக் கிளறாதீர்கள். பூ முடிந்த கையோடு கத்தரியுங்கள். தாமதித்தால் அடுத்த பருவத்து மொட்டுகளும் சேர்ந்து போய்விடும். மழைநீருக்கு வழியே இல்லையென்றால் குஃபியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாய், பூனை வளர்க்கிறவர்கள் அசேலியாவை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அதன் இலையும் பூவும் அவற்றுக்கு விஷம்.